எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதுதானே, டாக்டர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் 'எதிர்ப்பு சக்தி' பற்றியவை. அதனால் அவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் பதில் எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் உங்கள் முறை.

எனக்கு வயது 34. மூட்டுவலி, கன்னத்தில் சிவப்பு, முடி கொட்டுதல் என்று எட்டு மாதம் அலைந்த பிறகு லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். 'உனக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை' என்று சொல்லி, வீட்டில் அதைக் கூட்டுகிற பொடியும் டானிக்கும் வாங்கித் தருகிறார்கள். டாக்டரோ எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை தருகிறார். யார் பேச்சைக் கேட்பது?

டாக்டர் பேச்சைத்தான் அம்மா. என் தங்கைக்கும் இதே நோய்தான். அவளுக்கு 26 வயதில் வந்தது. எங்கள் வீட்டிலும் இதே பேச்சு, இதே டானிக் பாட்டில்கள். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எதிர்ப்பு சக்தி குறைவதால் வரும் நோய்கள் தனி. 1952-இல் புரூட்டன் என்ற அமெரிக்க டாக்டர், திரும்பத் திரும்பக் கடுமையான தொற்றுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தைச் சோதித்தபோது, அதில் காமா குளோபுலின் என்ற புரதம் இல்லவே இல்லை என்று கண்டார். கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருட்கள் எல்லாம் இருக்கும் பகுதி அது. வெளியிலிருந்து அதை ஊசியாகக் கொடுத்ததும் பையன் தேறினான். அது இல்லாமையால் வந்த நோய். உங்களுடையது அப்படி இல்லை. உங்களிடம் எதிர்ப்பொருட்கள் நிறையவே இருக்கின்றன. அவை தவறான இலக்கைப் பிடித்துக்கொண்டுவிட்டன. வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, அதுதான்.

எந்தப் பயிரை என்று கேட்பீர்கள். நம் உடலில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் சாகின்றன. அவற்றின் உட்கருவிலிருந்து டி.என்.ஏ.வும் அதை ஒட்டிய புரதங்களும் சிதறும். சாதாரணமாக இந்தக் குப்பை சத்தமில்லாமல் அள்ளப்பட்டுவிடும். லூபஸில் அதற்கு எதிராகவே எதிர்ப்பொருட்கள் உருவாகி, அதோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகத் திரண்டு ரத்தத்தில் சுற்றுகின்றன. ரத்தக்குழாய் மிகச் சிறியதாகும் இடங்களில் இந்தக் கொத்துகள் படிகின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டி, மூட்டின் உள்சவ்வு, தோல் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். படிந்த இடத்தில் அழற்சி கிளம்புகிறது. மூட்டுவலிக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர், முடிக்கு ஒரு டாக்டர் என்று நீங்கள் எட்டு மாதம் அலைந்ததற்குக் காரணம் இதுதான். நோய் ஒன்று, அது படிந்த இடங்கள் பல.

உடல் தன்னையே தாக்கிக்கொள்ள அஞ்சும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி எழுதினார். பெரிய மேதை. அவர் சொன்னதாலேயே, அப்படியும் தாக்கும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. உங்கள் வீட்டாருக்கு இது புரியக் கொஞ்ச நாள் ஆகிறது என்றால் அவர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியவை. பொடியையும் டானிக்கையும் நிறுத்துங்கள். எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடும் மூலிகைகளைச் சாப்பிட்டு, அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்திருந்தால் நன்றாக இருக்கிற நாளிலும் விடாமல் சாப்பிடுங்கள்; கண் பரிசோதனையைத் தொடக்கத்தில் ஒருமுறையும், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வெயில் நோயைத் தூண்டும், ஆகவே முழுக்கை உடையும் சன்ஸ்கிரீனும் அவசியம். எல்லாவற்றையும்விட முக்கியமானது சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீரகம் பாதிக்கப்படும்போது வலி இருக்காது. என் தங்கைக்கு வலி எதுவுமே இல்லை, சிறுநீரில் புரதம் மட்டும்தான் காட்டிக்கொடுத்தது. சீக்கிரம் பிடித்ததால் சிறுநீரகம் பிழைத்தது. குழந்தை பெற நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். நோய் குறைந்தது ஆறு மாதம் அமைதியாக இருந்த பிறகு கருத்தரிப்பது நல்லது, சில மாத்திரைகளையும் அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். என் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள்.

போன வருடம் தேனீ கொட்டியபோது கை மட்டும் வீங்கியது. இந்த வருடம் அதே மாதிரி ஒரே ஒரு தேனீதான். பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு முட்டல், மயக்கம். ஒருமுறை கொட்டினால் உடம்பு பழகிக்கொள்ளும் அல்லவா? எனக்கு மட்டும் ஏன் தலைகீழாக நடந்தது? (வயது 23)

தம்பி, இதே கேள்வி நூறு வருடத்துக்கு முன்பு இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகளையும் திகைக்க வைத்தது. சார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்று பெயர். மொனாக்கோ அரசரின் கப்பலில் போனபோது கடலில் மிதக்கும் விஷ உயிரினங்களை ஆராயத் தொடங்கினார்கள். கரைக்குத் திரும்பிய பிறகு கடற்சாமந்தி என்ற கடல் உயிரினத்தின் விஷத்தை எடுத்து நாய்களுக்குச் சிறிய அளவில் கொடுத்தார்கள். நீங்கள் நினைத்ததைத்தான் அவர்களும் நினைத்தார்கள், முதல் டோஸ் பழக்கிவிடும் என்று. நெப்டியூன் என்ற நல்ல திடமான நாய் முதல் ஊசிக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தது. 22 நாள் கழித்து அதே சிறிய அளவு போட்டார்கள். சில நொடிகளில் மூச்சு வாங்கத் தொடங்கியது, 25 நிமிடத்தில் இறந்துவிட்டது. காப்புக்கு நேர்மாறானது என்ற பொருளில் இதற்கு 'அனஃபிலாக்சிஸ்' என்று 1902-இல் பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் உடம்பில் நடந்தது இது. முதல் தேனீ கொட்டியபோது, அதன் விஷத்துக்கு எதிராக ஐ.ஜி.இ. என்ற வகை எதிர்ப்பொருள் உருவானது. தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் மாஸ்ட் செல்கள் என்று உண்டு. உள்ளே ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் நிரம்பிய சிறு பைகளோடு இருப்பவை. ஐ.ஜி.இ. போய் அந்தச் செல்களின் மேல் உட்கார்ந்துகொண்டது. அது உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இரண்டாவது தேனீயின் விஷம் வந்து அதைத் தொட்டதும் பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டன. ரத்தக்குழாய்கள் தளர்ந்து நீர் கசிந்தது, அதுதான் தடிப்பு. ரத்த அழுத்தம் விழுந்தது, அதுதான் மயக்கம். மூச்சுக்குழாய் இறுகியது. முதல் கொட்டில் விதைத்தது இரண்டாவதில் அறுவடை ஆயிற்று.

இனி கவனமாகப் படியுங்கள். இதற்கு உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். தொடையின் வெளிப்புறத்தில், நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போடலாம். அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும், விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓர் இரவு, ஆன்டிபயாடிக் ஊசி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பெண்மணி 'தொண்டை அடைக்கிறது' என்றபோது, நான் அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அட்ரினலினைப் பார்த்து எனக்குப் பயம். பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்கா மருந்தை எடுத்து நிரப்பி என் கையில் திணித்து, "இதைப் போடுங்கம்மா முதல்ல" என்றார். போட்டேன். இரண்டு மூன்று நிமிடத்தில் அந்த அம்மாள் மூச்சு விட்டார். நான் வீணாக்கிய அந்த நிமிடங்களை இன்றும் மறக்கவில்லை.

தானாகப் போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா கிடைத்தால் வாங்கி எப்போதும் உடன் வைத்திருங்கள். மயக்கம் வந்தால் படுத்துக் கால்களை உயர்த்திக்கொள்ளுங்கள், சட்டென்று எழுந்து நிற்காதீர்கள். மூச்சு முட்டல்தான் பெரிதாக இருக்கிறதென்றால் சாய்ந்து உட்காரலாம். தேறிய பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு இரண்டாவது அலை வரும். அப்புறம் ஓர் அலர்ஜி நிபுணரைப் பாருங்கள். தேனீ விஷத்தையே மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று முதல் ஐந்து வருடம் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. நன்றாகவே காக்கிறது.

என் மகளுக்கு ஏழு வயது. தொண்டைவலி வந்து சரியாகி இரண்டு வாரம் ஆகிவிட்டது. திடீரென்று காலையில் முகம் வீங்குகிறது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறது. 'அந்தத் தொண்டைவலியால்தான் சிறுநீரகம் பாதித்திருக்கிறது' என்கிறார் டாக்டர். எப்போதோ ஆறிப்போன தொண்டைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

அந்த இரண்டு வாரம்தான் சம்பந்தம். நோயாளிகளிடம் நான் முதலில் கேட்பதே 'எவ்வளவு நேரம் கழித்து வந்தது?' என்றுதான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பழைய கதை. டிஃப்தீரியா வந்த குழந்தைகளுக்குக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசியாகப் போட்டு உயிரைக் காப்பாற்றிய காலம். அப்படிப் பிழைத்த சில குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவீக்கம் வந்தது. கிருமி எதுவும் இல்லை. வியன்னாவில் ஃபான் பிர்கே, ஷிக் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் அந்த இடைவெளியையே உற்றுப் பார்த்தார்கள். அந்த நாட்களில் குழந்தையின் உடல் சீரத்துக்கு எதிரான பொருளைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது, தயாராகி இரண்டும் சந்திக்கும்போது நோய் வருகிறது என்று 1905-இல் எழுதினார்கள். நம்மைக் காக்கும் அதே வினை நோயையும் தரும் என்பது அன்று யாருக்கும் எளிதில் ஏறாத விஷயம். மறுவருடம் பிர்கே இப்படி மாறிப்போன வினைக்கு ஒரு சொல்லை உண்டாக்கினார். 'அலர்ஜி' என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அது அவர் கொடுத்தது.

உங்கள் மகளின் தொண்டையில் இருந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. அதன் துணுக்குகளோடு எதிர்ப்பொருட்கள் சேர்ந்து, முதல் கடிதத்தில் சொன்ன கொத்துகளைப் போலவே, சிறுநீரகத்தின் வடிகட்டியில் படிந்துவிட்டன. வடிகட்டி வீங்கி ரத்த அணுக்கள் கசிவதால் அந்த நிறம். நீர் வெளியேறாததால் முக வீக்கம்.

பயப்படாதீர்கள். குழந்தைகளில் பெரும்பாலானோர் இதிலிருந்து முழுமையாக மீண்டுவிடுகிறார்கள். இப்போதைக்குக் கவனிக்க வேண்டியது ரத்த அழுத்தம். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, மூச்சு வாங்கல் எது வந்தாலும் உடனே கூட்டிக்கொண்டு ஓடுங்கள். உப்பையும் தண்ணீரையும் டாக்டர் சொல்லும் அளவோடு கொடுங்கள். ரத்தத்தில் சி3 என்ற புரதம் இப்போது குறைவாக இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் வேறு நோயா என்று பார்க்க வேண்டும், அதனால் அந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுநீரில் ரத்த அணுக்கள் சில மாதங்கள்வரை போகலாம்.

இதே கிருமி வேறு சில குழந்தைகளுக்கு மூட்டுகளையும் இதய வால்வையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தருகிறது. அங்கே வழி வேறு. கிருமியின் மேலுள்ள புரதமும் இதயத் திசுவும் ஒரே சாயலில் இருப்பதால், கிருமிக்காகக் கிளம்பியவை இதயத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அது திரும்பத் திரும்ப வரக்கூடியது, ஆகவே மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல வருடம் தேவைப்படும். உங்கள் மகளுக்கு வந்தது அது இல்லை.

கைக்கடிகாரத்தின் உலோகம் படும் இடத்தில் மட்டும் அரிப்பும் கொப்புளமும். ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நார்மல். அப்படியென்றால் அலர்ஜி இல்லையா?

அலர்ஜிதான், எடுத்த டெஸ்ட்தான் வேறு. அந்த ரத்தப் பரிசோதனை ஐ.ஜி.இ.யைத் தேடும். உங்களுக்கு வந்ததில் எதிர்ப்பொருளுக்கு வேலையே இல்லை, டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் நேரடியாக வந்து செய்தது. அவை வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். காசநோய்க்குக் கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்கிறார்களே, அதுவும் இதே வினைதான். 1963-இல் ஜெல், கூம்ஸ் என்ற இருவர் எதிர்ப்பு மண்டலத்தின் இப்படிப்பட்ட மிகைவினைகளை நான்காகப் பிரித்தார்கள். தேனீ முதல் வகை, கடிகாரம் நான்காவது.

பெரும்பாலும் நிக்கல்தான் காரணமாக இருக்கும். முதுகில் ஒட்டி வைத்துச் செய்யும் பேட்ச் டெஸ்ட் எடுங்கள், இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடியும் ஓரிரு நாளில் பார்ப்பார்கள். பட்டையை மாற்றினால் தோல் ஆறிவிடும்.

எனக்கு ரத்த வகை நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ். முதல் குழந்தை நலம். இரண்டாவதுக்கு ஆபத்து என்று தோழி பயமுறுத்துகிறாள்.

ஆபத்து உண்மை, ஆனால் தடுக்கக்கூடியது. முதல் பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் உங்களுக்குள் கலந்து, அதற்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருந்தால், அது அடுத்த குழந்தையின் நஞ்சுக்கொடி வழியே போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். 1968 முதல் இதற்கு ஆன்டி-டி ஊசி இருக்கிறது. பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் போடுவார்கள், கர்ப்பத்தில் 28-ஆம் வாரத்திலும் போடுவார்கள். கருக்கலைவுக்குப் பிறகும் தேவைப்படலாம். முதல் பிரசவத்தின்போது போட்டார்களா என்று பழைய சீட்டைத் தேடிப் பாருங்கள். போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போதே எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று இன்டைரக்ட் கூம்ஸ் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன அதே கூம்ஸ்தான்.

அலர்ஜி பேனலில் 20 பொருள் பாசிட்டிவ். அத்தனையையும் நிறுத்திவிட்டேன். ஆறு கிலோ இளைத்துவிட்டேன். இன்னும் அரிப்பு போகவில்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உங்களைப் போல வாரம் ஒருவராவது வருகிறார்கள். பாசிட்டிவ் என்றால் அந்தப் பொருளுக்கு உங்களிடம் ஐ.ஜி.இ. இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அதைச் சாப்பிட்டால் உங்களுக்கு நோய் வரும் என்று பொருள் இல்லை. சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும் தடிப்போ வாந்தியோ வந்ததா? வராத பொருளை நிறுத்தியதில் ஒரு பயனும் இல்லை. மாதக்கணக்காக நிறுத்தியும் அரிப்பு போகவில்லை என்பதே, காரணம் உணவு இல்லை என்று உங்கள் உடம்பு சொல்லும் பதில். வாரக்கணக்கில் நீடிக்கும் தடிப்புக்குப் பெரும்பாலும் உணவு காரணமாக இருப்பதில்லை. ஒரு நிபுணரிடம் போங்கள். அவர் மேற்பார்வையில் ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிடத் தொடங்குங்கள்.

எனக்கு 16 வயது. டைப் 1 சர்க்கரை நோய் என்று போன மாதம் தெரிந்தது. நிறைய இனிப்பு சாப்பிட்டதால்தான் வந்தது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என் தப்பா டாக்டர்?

இல்லை கண்ணா. உன் தப்பு துளிகூட இல்லை.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உன் டி செல்களே அழித்துவிட்டன. தாகமும் இளைப்பும் தெரிவதற்குப் பல மாதங்கள், சிலருக்குப் பல வருடங்கள் முன்பே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. நீ அதைப் பார்த்திருக்க முடியாது, நிறுத்தியிருக்கவும் முடியாது. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தால் இன்னொருவருக்குக் கட்டாயம் வரும் என்பதில்லை. உடலைத் தாக்காதபடி இந்தச் செல்களை அடக்கிவைக்கும் காவல் செல்கள் உண்டு என்று கண்டுபிடித்ததற்காக 2025-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆராய்ச்சி அந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பது அரிது. உன் கையில் இருப்பது அந்த மருந்து. மாற்று வைத்தியம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பாசமானவர் சொன்னாலும், அதை நிறுத்தாதே. காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினை முழுவதும் நிறுத்தக் கூடாது, அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள். வாந்தியோடு வயிற்றுவலியும், பெரிய பெரிய மூச்சும் வந்தால் இரவு எத்தனை மணியானாலும் சரி, அம்மாவை எழுப்பி மருத்துவமனைக்குப் போய்விடு. இந்தக் கடிதத்தை உன் உறவினர்களிடமும் படிக்கக் கொடு.